எல்லாம் குடும்பத்துக்காகத்தான்

என் நண்பர் ஒருவர் வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. நாள் முடிவில் கணக்கில் ஐம்பது ரூபாய் இடித்தால் சாப்பாடு இறங்காத மனிதர். நாலு வருஷமாக அவருடைய வாட்ஸ்அப் முகப்பில் அவர் முகம் இல்லை. கறுப்புத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் குறுந்தாடியுமாக வால்டர் வைட் இருக்கிறார். 'பிரேக்கிங் பேட்' தொடரின் 62 அத்தியாயங்களையும் மூன்று தடவை பார்த்து முடித்தவர். டீக்கடையில் நிற்கும்போது ஒருநாள் தீர்ப்புச் சொன்னார்: "தொடர்னா அதுதான் மச்சான். குறைன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொண்டாட்டி. ச்சை, எப்பப் பாத்தாலும் நைநைன்னு."

ஒன்றே ஒன்றாம். பார்க்காதவர்களுக்காக, மற்றபடி குறையே இல்லாத அந்த மனிதரின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம், அல்புகர்க்கி நகரம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். சம்பளம் பற்றாமல் கார் கழுவும் இடத்திலும் வேலை. ஐம்பதாவது பிறந்தநாள் வந்த கையோடு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிகிறது. மனைவி ஸ்கைலர் வயிற்றில் பிள்ளை. மகனுக்குப் பெருமூளை வாதம். பழைய மாணவன் ஜெஸ்ஸியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மெத் என்னும் போதைப்பொருளைக் காய்ச்ச ஆரம்பிக்கிறார். இதுவரைக்கும் யாருக்கும் மனசு இளகும்.

அப்புறம்? ஜெஸ்ஸியின் காதலி போதையில் வாந்தியெடுத்து மூச்சடைத்துத் துடிக்கிறாள். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பிழைப்பாள். வாத்தியார் கட்டிலருகே நின்று, அவள் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் இடத்துக்கு வந்துவிடுவான் என்று ஒரு சாதுவான வேதியியல்காரனை ஜெஸ்ஸியின் கையாலேயே சுடவைக்கிறார். ஒரு சின்னப் பையனுக்கு விஷச்செடியைச் சேர்ப்பிக்கிறார். வாய் திறந்துவிடுவார்கள் என்று மூன்று சிறைகளில் இருந்த ஆட்களை இரண்டே நிமிஷத்துக்குள் ஒரே நேரத்தில் குத்திக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டு, வீட்டில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இத்தனையையும் மென்று முழுங்கிய என் நண்பருக்குத் தொண்டையில் சிக்கியது ஸ்கைலரின் 'நைநை'.

சரி, அவள் மீதான குற்றப்பத்திரிகையைப் பார்ப்போம். முதல் குற்றம், 'எங்கே போயிருந்தீர்கள்' என்று கேட்டது. புருஷன் ராத்திரியில் காணாமல் போகிறான், நாள்கணக்கில் காணாமல் போகிறான், வந்து வாய்க்கு வந்ததைச் சொல்கிறான். இன்னொரு செல்போன் இருக்கிறதா என்றால் இல்லவே இல்லை என்று சாதிக்கிறான். அறுவைசிகிச்சைக்கு முன்னால் மருந்து ஏறிய மயக்கத்தில், போனை எடுத்து வந்தீர்களா என்று அவள் சாதாரணமாகக் கேட்க, எந்த போன் என்று உளறிவிடுகிறான். தாலி கட்டும் நாட்டில் என்றால் அந்த இடத்திலேயே ஒப்பாரி எழுந்திருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிகிச்சை முடியும்வரை காத்திருந்து, அவன் தேறி எழுந்த பிறகுதான் பெட்டியைக் கட்டுகிறாள். இதற்குப் பெயர் நைநை.

இரண்டாவது குற்றம் பெரியது. பணத்தை வேண்டாம் என்றாள். இங்கேதான் நம் ஆண்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 'எல்லாம் குடும்பத்துக்காகத்தான்' என்று கொண்டுவந்து கொட்டுகிற காசை ஒருத்தி வேண்டாம் என்பாளா? அப்படி ஒருத்தி இருந்தால், இத்தனை வருஷமாக நாம் அதே வசனத்தைச் சொல்லி வாங்கிய சலுகைகள் என்ன ஆவது? ராத்திரி பதினொரு மணிக்கு வந்தாலும், வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும், பிள்ளை எந்த வகுப்பு என்று தெரியாவிட்டாலும் அந்த ஒரு வசனம் நம்மைக் காப்பாற்றிவிடுகிறதே.

வசனத்தைக் கொஞ்சம் தணிக்கை செய்யலாம், நண்பர் வங்கிக்காரர்தானே. வால்டருக்கு நோய் என்று தெரிந்ததுமே, பழைய கூட்டாளியான எலியட் முழு வைத்தியச் செலவையும் ஏற்றுக்கொள்ளவும் வேலை தரவும் முன்வருகிறார். முதல் பருவத்திலேயே. வாங்கியிருந்தால் கதை ஐந்தாம் அத்தியாயத்தோடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு பிணமும் விழுந்திருக்காது. வாத்தியாருக்கு ரோஷம். வேண்டாம் என்கிறார். பிறகு, பிள்ளைகள் படிப்பு, வீட்டுக்கடன், சாப்பாடு எல்லாம் சேர்த்து 7,37,000 டாலர் போதும் என்று தானே கணக்குப் போடுகிறார். கடைசியில் பாலைவனத்தில் பீப்பாய்களில் அடைத்துப் புதைத்தது சுமார் 8 கோடி டாலர். தேவைக்கு நூறு மடங்குக்கு மேல். ஐம்பது ரூபாய் இடித்தால் சாப்பாடு இறங்காத நண்பர், இந்த ஏழு கோடிச் சொச்சம் எந்தக் குடும்பத்துக்காக என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டவளைத்தான் திட்டினார்.

மூன்றாம் பருவத்தில் ஒரு காட்சி வருகிறது. கொலைகளை விடுங்கள், தொடரிலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். உண்மை தெரிந்து ஸ்கைலர் விவாகரத்து கேட்டு, அவனை வெளியே அனுப்பிவிட்டாள். அவன் ஒருநாள் தன்பாட்டுக்கு மூட்டையோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறான். போ என்கிறாள், போகமாட்டேன் என்கிறான். போலீஸைக் கூப்பிடுகிறாள். போலீஸ் வந்து பார்த்தால், கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி நிற்கிறார் உத்தமத் தகப்பனார். அடித்தாரா? இல்லை. மிரட்டினாரா? அவளால் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் பிள்ளைகளின் தகப்பன் சிறையில், பிள்ளைகள் தெருவில். சட்டப்படி பிரியாதவரை இது அவர் வீடும்தான் அம்மா, நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். குற்றத் தொடர் என்ற பெயரில் ஐந்து பருவம் ஓடிய கதையில், கண்ணெதிரே ஒரு குற்றம் நடக்கும்போது காவல்துறை வந்து, பார்த்து, விடைபெற்றுக்கொண்டு போன இடம் அது. அதைத்தான் ரசிகப் பெருமக்கள் வால்டரின் வெற்றி என்று கைதட்டினார்கள்.

'குடும்பம்னா நாலு இருக்கும்மா, அட்ஜஸ்ட் பண்ணிப் போ' என்று அந்தப் பதிலின் தமிழ் வடிவம் நம் காவல் நிலையங்களில் வாசல்வரை வந்து கேட்கும். ஆனால் வால்டர் போன்ற மனிதனை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி நீதிபதி உத்தரவிடலாம் என்று 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் பெண்களுக்கு எதிராகப் பதிவான 4,45,256 வழக்குகளில் 31.4 சதவீதம், கணவனும் அவன் உறவினர்களும் செய்த கொடுமை. முதலிடம் அதற்குத்தான். குற்றத்தைத் தேடி அல்புகர்க்கிப் பாலைவனம்வரை போகிறோம். அது கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறது.

"அதெல்லாம் இருக்கட்டும், அவ இன்னொருத்தனோட போனாளே?" என்றார் நண்பர். போனாள். தப்புத்தான். போலீஸும் கைவிட்டு, தாயைக் கல்நெஞ்சக்காரி என்று மகனும் வெறுத்து, வீட்டை விட்டுப் போகாத ஒருவனைத் துரத்த வேறு வழி தெரியாமல் போய்விட்டு, வந்து அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். ஒளிக்கவில்லை. தட்டின் ஒரு பக்கம் அந்த ஒரு பொருந்தாத உறவு, இன்னொரு பக்கம் ஒரு சுடுகாடு நிறையப் பிணம். எந்தப் பக்கம் தாழ்ந்தது என்று நண்பரின் முகத்தில் தெரிந்தது.

புருஷன் கொலைகாரன் என்று தெரிந்தும் ரசிகர்கள் சகித்துக்கொண்ட மனைவியும் இருக்கிறாள். 'தி சோப்ரானோஸ்' தொடரில் மாஃபியாத் தலைவன் டோனியின் மனைவி கார்மேலா. 2001இல் வந்த ஒரு அத்தியாயத்தில் அவள் ஒரு வயதான மனநல மருத்துவரிடம் போகிறாள். அவர் மழுப்பவில்லை: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்கிறார். கட்டணம்கூட வாங்க மறுக்கிறார். அது ரத்தப் பணமாம். கார்மேலா அழுகிறாள், வீட்டுக்கு வருகிறாள், மகள் படிக்கும் கல்லூரிக்கு 50,000 டாலர் நன்கொடை தரவேண்டும் என்று அதே ரத்தப் பணத்தில் கேட்டு வாங்குகிறாள். நல்ல பெண். குடும்பத்துக்கேற்ற பெண். வாங்கிக்கொள்பவளுக்கு அனுதாபம், வேண்டாம் என்பவளுக்கு வசவு.

வால்டர், ஜெஸ்ஸி நட்பின் கதையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். நண்பர் அதைத்தான் 'குரு சிஷ்ய பாசம்' என்று உருகுவார். துரோணர் கட்டைவிரலோடு நிறுத்திக்கொண்டார். வால்டர் தன் சிஷ்யனிடம் கேட்டு வாங்காததே இல்லை. அவன் காதலியைச் சாகவிட்டார், அவனைக் கொலைகாரனாக்கினார், அவன் மகன் மாதிரி நினைத்த சிறுவனுக்கு விஷம் வைத்தார், வைத்தது வேறொருவன் என்று நம்பவைத்து அவனையே ஏவினார். கடைசியில் அவனைக் கொல்ல ஒரு கூலிப்படையைப் பேசி, அவனைப் பிடித்துக்கொடுக்கும்போது, உன் காதலி சாகும்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று போனஸாகத் தெரிவிக்கிறார். பாசம்.

அதே கூலிப்படைதான் ஹாங்கைச் சுட்டுக் கொன்றது. ஹாங்க் யார்? ஸ்கைலரின் தங்கை புருஷன். ஆங்கிலத்தில் மச்சானும் மைத்துனனும் எல்லாரும் ஒரே சொல்லில் அடங்கிவிடுவார்கள். நமக்குச் 'சகலை' என்று தனியாக ஒரு சொல்லே உண்டு. சகலை போதைத் தடுப்பு அதிகாரி. அதற்கு முன்னால் ஒரு தடவை அவன் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது, தங்கை கஷ்டப்படுகிறாளே என்று வைத்தியத்துக்குப் பணம் கொடுத்தவள் ஸ்கைலர், போதையில் வந்தது என்று அவர்கள் அறியாத வால்டரின் பணத்தை. அந்த 1,77,000 டாலரை வால்டர் என்ன செய்தார் தெரியுமா? ஹாங்க் தன்னை நெருங்கியதும், போதைத் தொழிலின் மூளையே ஹாங்க்தான், பணம் அவனுக்குத்தான் போனது என்று ஒரு பொய் வாக்குமூலத்தை வீடியோ எடுத்து, சகலையும் மனைவியும் வீட்டில் போட்டுப் பார்க்கும்படி கையில் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு பெண் கூடப்பிறந்தவளுக்குச் செய்த உதவியைத் தூக்குக்கயிறாகத் திரித்தார். எல்லாம் குடும்பத்துக்காகத்தான்.

எழுதிய வின்ஸ் கில்லிகனை நான் குறை சொல்லப்போவதில்லை. முதல் காட்சியிலிருந்து கேமரா வால்டரோடு போகிறது. அவர் ரகசியம் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆக நாமும் கூட்டாளி. கூட்டாளிக்குத் துப்புத் துலக்குகிறவளைப் பிடிக்காதுதான். ஆனால் தொடர் முடிந்து, விளக்கு போட்ட பிறகும் கூட்டாளியாகவே இருந்தால் அதற்கு எழுத்தாளன் என்ன செய்வான்? ஸ்கைலரை வெறுப்பவர்களைப் பெண் வெறுப்பாளர்கள் என்று கில்லிகனே 2013இல் ஒரு பேட்டியில் சொன்னார். அதே வருஷம் ஆகஸ்டில் ஸ்கைலராக நடித்த ஆன்னா கன் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதவேண்டி வந்தது. பாத்திரத்தின் மீதான வெறுப்பு தன் மீது திரும்பியதை, தன்னைக் கொல்ல எங்கே வரவேண்டும் என்று ஒருவர் விசாரித்ததைச் சொல்லியிருந்தார். கவனியுங்கள்: கொலைகாரனாக நடித்த பிரையன் க்ரான்ஸ்டனுக்குக் கைகுலுக்கல். கொலை செய்யாதே என்று சொன்னவளாக நடித்தவருக்குக் கொலை மிரட்டல். அந்த நடிப்புக்காக 2013, 2014 இரண்டு ஆண்டும் அவருக்கு எம்மி விருது கிடைத்தது. நன்றாக நடித்தால் என்ன கிடைக்கும் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், வால்டரே கடைசியில் ஒத்துக்கொண்டுவிட்டார். 2013 செப்டம்பர் 29 அன்று வந்த இறுதி அத்தியாயத்தில், சின்னஞ்சிறு வாடகை வீட்டில் சிகரெட்டோடு நிற்கும் ஸ்கைலரிடம் வருகிறார். மறுபடியும் 'குடும்பத்துக்காக' என்று ஆரம்பித்துவிடப் போகிறானே என்று அவளுக்குத் தாங்கமுடியவில்லை. அவரோ எல்லாம் எனக்காகத்தான் செய்தேன், பிடித்துத்தான் செய்தேன் என்கிறார். 62 அத்தியாயத்தில் அவர் அவளிடம் சொன்ன முழு உண்மை அது ஒன்று. குற்றவாளி வாக்குமூலம் கொடுத்து ஆண்டுகள் பல ஆகின்றன. அவருடைய வக்கீல்கள்தான் இன்னும் டீக்கடையில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிலை வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தேன். 2022 ஜூலையில் அல்புகர்க்கி மாநாட்டு மண்டபத்தில் வால்டருக்கும் ஜெஸ்ஸிக்கும் வெண்கலச் சிலை திறந்தார்கள். மேயர் வந்திருந்தார். இரண்டு சிலை. ஸ்கைலருக்கு இல்லை.

அவளுக்குச் செய்த மரியாதை வேறு. வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட வால்டர் ஒருநாள் சமாதானம் பேச பீட்சாவோடு வருகிறார். அவள் கதவைச் சாத்துகிறாள். ஆத்திரத்தில் பீட்சாவைக் கூரைமேல் விட்டெறிகிறார். அந்தக் காட்சியை எடுத்த வீடு நிஜ வீடு. அதில் ஒரு நிஜக் குடும்பம் குடியிருந்தது. ரசிகர்கள் புனித யாத்திரை போல அங்கே போய், அந்தக் கூரைமேல் பீட்சா எறிய ஆரம்பித்தார்கள். தோட்டத்துக் கற்களைப் பிரசாதமாக எடுத்துப் போனார்கள். எறியாதீர்கள், அது வேடிக்கையில்லை என்று கில்லிகன் 2015இல் கேட்டுக்கொண்டார். நிற்கவில்லை. 2017இல் அந்தக் குடும்பம் வீட்டைச் சுற்றி ஆறடி இரும்பு வேலி போட்டது.