பழைய எண்ணும் புதிய யந்திரமும்

கேள்வி: கணினி மொழியொன்றைப் புதிய யந்திரத்துக்குக் கொண்டுபோகும்போது, தசம எண்ணைப் பதிய இயல்பாகக் கொள்ளத்தக்கது பழைய வடிவமா, புதியதா?
– ஒரு வாசகர், பேரிகை

பதில்: யந்திரம் பேசும் வடிவமே, ஐயா! வாக்ஸ் கணினியில் ஜனித்த ஓப்பன் விஎம்எஸ் என்னும் இயக்குதளம், 1990-களில் ஆல்ஃபா சில்லுக்குக் குடிபெயர்ந்தபோது, அந்தச் சில்லு வாக்ஸின் 'ஜி' வடிவத்தையும் 1985-இல் வகுத்த ஐ.இ.இ.இ. 754 வடிவத்தையும் ஒருங்கே அறிந்திருந்தும், சி, ஃபோர்ட்ரான் முதலிய மொழிகளின் தொகுப்பிகள் பூர்வீக பாசத்தால் 'ஜி'யையே இயல்பாகக் கொண்டன. 2005-இல் ஓப்பன் விஎம்எஸ் அடுத்துக் குடிபுகுந்த ஐட்டானியம் சில்லுக்கோ வாக்ஸ் பாஷை அறவே தெரியாதாகையால், பழைய எண்ணை ஐ.இ.இ.இ.யாக மாற்றி, கணக்கிட்டு, விடையை மறுபடியும் பழைய வடிவுக்கே திருப்பவேண்டியிருந்தது. வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், ஆபீஸில் தமிழும் பேசி வாழும் உங்கள் எல்லைப்புறத்தாருக்கு அந்த அவஸ்தையை நான் விவரிக்கவும் வேண்டுமோ? எனவே ஐட்டானியத்தில் ஐ.இ.இ.இ.யே இயல்பாயிற்று. பழைய கோப்பைத் திறக்குமுன் மட்டும், அது இன்ன வடிவம் என்று நிரலுக்குச் சொல்லிவிடுங்கள்; சொல்லத் தவறினால், பிழையென்று ஒரு வார்த்தையும் உரைக்காமலே வேறோர் எண் வந்து உட்கார்ந்துவிடும்.