புள்ளி வைத்துப் பாருங்கள்

கேள்வி: பார்க்கர், ஹீரோ, லாமி, பைலட். இவற்றில் நன்றாக எழுதும் மைப்பேனா எது? சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.
– வங்கி ஊழியர், திண்டுக்கல்

பதில்: பைலட், ஃபைன் முள். தமிழில் பொடியாக எழுதுகிறவர் என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

ஜப்பானில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகள் போட்டு ஒற்றை எழுத்தை எழுத வேண்டியிருக்கிறது. அதனால் அங்கே ஃபைன் என்று பொறித்து அனுப்பும் முள், பெரும்பாலும் ஜெர்மன்காரர்களின் எக்ஸ்ட்ரா ஃபைனுக்குச் சமமாக இருக்கும். லாமியின் ஃபைன் நம் கண்ணுக்குக் கிட்டத்தட்ட மீடியம். இந்த வித்தியாசம் தமிழில் எழுதும்போதுதான் உறைக்கும். தடித்த முள்ளால் பொடியாக ‘ண’ எழுதிப் பாருங்கள். சுழிகள் மையால் அடைத்துக்கொண்டு, மூன்று சுழியா இரண்டு சுழியா என்றே தெரியாது. ‘மணம்’ என்று எழுதியது ‘மனம்’ ஆகிவிடும்.

அதைவிடக் கடுமையான பரீட்சை புள்ளி. ஆங்கிலத்தில் சிறிய ஐ, ஜே இரண்டுக்கும்தான் மேலே புள்ளி. நமக்கு வரிக்கு வரி ஒற்றெழுத்து. கோடு இழுக்கும்போது மை சற்றுத் தாமதமாக வந்தாலும் சமாளித்துவிடலாம். புள்ளிக்கு அந்த அவகாசம் கிடையாது, முள் தாளைத் தொட்ட கணமே மை இறங்கியாக வேண்டும். தயங்குகிற பேனா கோடுகளை ஒழுங்காகப் போட்டுவிட்டுப் புள்ளிகளை விழுங்கிவிடும். கொட்டுகிற பேனாவோ புள்ளியைப் பக்கத்து எழுத்தோடு ஒட்டிவைக்கும். பைலட் இரண்டும் செய்யாது, அதனால்தான் என் ஓட்டு அதற்கு.

பெரிதாக, அகலமாக எழுதுகிறவர்கள் லாமி சஃபாரியை எடுங்கள். 1980இல் வந்த பேனா, இன்றும் அதே உருவம். முக்கோணமாகச் செதுக்கிய பிடி விரல்களைத் தானே இடத்தில் உட்காரவைக்கிறது. முள் பிடிக்கவில்லை என்றால் அதை மட்டும் இழுத்துக் கழற்றி வேறு அளவு மாட்டிக்கொள்ளலாம். பார்க்கர் வெக்டர் நாணயமான உழைப்பாளி. ஆனால் எழுதுகிற சுகம் என்று கேட்டால், அந்தக் குட்டி முள்ளில் அது குறைவுதான்.

கேள்வி: கடையில் பேனாவை எப்படிச் சோதித்து வாங்குவது? கையெழுத்துப் போட்டுப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் எழுதுகிறது.
– தமிழாசிரியை, கும்பகோணம்

பதில்: கையெழுத்தைத் தூக்கத்தில்கூட வேகமாகப் போட்டுவிடுவோம். வேகமாகப் போகிற கைக்கு முள்ளின் குறை தெரியாது.

நீங்கள் வழக்கமாக எழுதும் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் நீட்டும் வழவழப்பான தாளில் எந்த முள்ளும் வழுக்கிக்கொண்டுதான் போகும். பாட்டிலில் தோய்த்துக் கொடுத்தால் முதல் சில வரிகளை நம்பாதீர்கள். அது தோய்த்த மையின் தாராளம். அதற்குப் பிறகு வருவதுதான் பேனாவின் சொந்த ஓட்டம். கொஞ்சமும் அழுத்தாமல் ‘ஞ’, ‘ழ’, ‘ணை’, பிறகு வரிசையாக ஒற்றெழுத்துகள், பிறகு படுத்த நிலையில் ஒரு எட்டு என்று எழுதுங்கள். எட்டைப் போடும்போது முள் எல்லாத் திசையிலும் திரும்பும். ஒரு பக்கம் போகும்போது மட்டும் தாளைப் பிராண்டினால், முள்ளின் இரண்டு கால்களில் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருக்கிறது என்று பொருள். ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக நுனியை நேருக்கு நேர் பார்த்தால் பளிச்சென்று தெரியும். இரண்டு வெள்ளி மணிகள் தோளோடு தோள் சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால், எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே பெட்டியில் வந்த இரண்டு பேனாக்கள் வேறு வேறு மாதிரி எழுதுவது சாதாரணம். வாங்கப்போவது ஒரு கம்பெனியை அல்ல, கையில் இருக்கிற அந்த ஒற்றை முள்ளை.

கேள்வி: தங்க முள் உண்மையிலேயே வழுவழுப்பாக எழுதுமா?
– நகைக்கடை மேலாளர், கோயம்புத்தூர்

பதில்: தங்கம் தாளைத் தொடுவதே இல்லை! தங்க முள்ளாக இருந்தாலும் எஃகு முள்ளாக இருந்தாலும் நுனியில் ஒட்டவைத்திருப்பது கடினமான உலோகக் கலவையில் செய்த ஒரு துளி மணி. தாளில் உருள்வதும் தேய்வதும் அதுதான். அதை எவ்வளவு பக்குவமாகச் சாணை பிடித்திருக்கிறார்கள் என்பதில்தான் வழுவழுப்பு இருக்கிறது.

பிறகு ஏன் தங்கம்? பழைய மைகளில் அமிலம் இருந்தது, அக்கால எஃகை அது அரித்தது, தங்கத்தை அரிக்கவில்லை. துருப்பிடிக்காத எஃகு வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. தங்க முள் சற்று நெகிழ்ந்து கொடுக்கும் என்பது நிஜம்தான். ஆனால் எல்லாத் தங்க முள்ளும் நெகிழாது. மோன்பிளாங்க் மைஸ்டர்ஸ்டக் முள்ளில் 4810 என்று பொறித்திருக்கும், அது மோன்பிளாங்க் சிகரத்தின் உயரம், மீட்டரில். ஜப்பானின் பிளாட்டினம் கம்பெனி தன் பேனாவுக்கு 3776 என்று பெயரே வைத்துவிட்டது, அது ஃபூஜி மலையின் உயரம். மலையில் ஏற ஆசை இருந்தால் முதலில் ஃபூஜியில் ஏறுங்கள். விலையும் குறைவு, தமிழுக்கு ஏற்ற மெல்லிய முள்ளும் கிடைக்கும்.

கேள்வி: என் அப்பா சட்டைப்பையில் தங்க நிற மூடி போட்ட ஹீரோ பேனா எப்போதும் இருக்கும். ஹீரோவுக்கு அப்படி என்ன மவுசு?
– ஓய்வுபெற்ற தாசில்தார், திருநெல்வேலி

பதில்: பர்மா பஜாரில் விசாரித்து வாங்கிய காலத்துக்கு உரிய மவுசு அது. ஷாங்காயில் செய்த ஹீரோ 616ஐப் பாருங்கள், 1941இல் கடைக்கு வந்த பார்க்கர் 51இன் சாயல் அப்படியே தெரியும். முள்ளின் நுனி மட்டும் எட்டிப்பார்க்க, மீதி எல்லாம் கழுத்துக்குள் ஒளிந்திருக்கும். அழகுக்காக மட்டும் செய்த வேலை இல்லை. தாளில் பட்டதும் காய்கிற மையைப் பயன்படுத்த பார்க்கர்காரர்கள் விரும்பினார்கள். அது முள்ளிலேயே காய்ந்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அடுத்த வரி என்ன என்று விட்டத்தைப் பார்த்து யோசிக்கிறவர்களுக்கு இதைவிடத் தோதான பேனா கிடையாது. குறை ஒன்று: முள் பிசகினால் வீட்டில் சரிசெய்வது கடினம். 616க்குப் போலிகளும் ஏராளம். அதனால் எழுதிப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

கேள்வி: நம் ஊரிலேயே நல்ல மைப்பேனா செய்கிறார்களா?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: செய்கிறார்கள், அதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் எபனைட் கட்டையைக் கடைசல் பிடித்துச் செய்யப்படுகின்றன. வெளிநாட்டு ரசிகர்கள் விரும்பி வரவழைக்கிறார்கள். சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோவின் காமா பேனா இருக்கிறது. ஆந்திரத்தில் ராஜமகேந்திரவரத்தின் ரத்னம் பேனா சுதேசி இயக்கத்தில் பிறந்தது. அதைப் பெற்றுக்கொண்ட காந்தி 1935இல் நன்றிக் கடிதம் எழுதினார்.

எபனைட் என்பது கந்தகம் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிய ரப்பர். கையில் பிடித்தால் சில்லென்று இருக்காது. முள்ளுக்கு அடியில் இருக்கும் நாக்கட்டையை எபனைட்டில் செய்தால் மை அதில் நன்றாகப் பற்றி நின்று, சீராக முள்ளுக்கு வரும். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், நிறம் வெளுத்துவிடும்.

இந்தப் பேனாக்களில் பல, ஃபில்லரால் கட்டைக்குள் நேராக மை ஊற்றுகிற ரகம். ஒருமுறை நிரப்பினால் நாள்கணக்கில் எழுதலாம். மை பாதிக்குக் கீழே இறங்கியதும்தான் கவனம் தேவை. உள்ளே காலி இடத்தில் இருக்கும் காற்று நம் கைச்சூட்டில் விரிந்து மையை வெளியே தள்ளும். ‘பேனா கக்குது’ என்று நாம் திட்டியதெல்லாம் இதைத்தான். பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிடுங்கள், கக்காது.

கேள்வி: அண்ணா, மைப்பேனாவில் எழுதினால் கையெழுத்து அழகாகுமா? நான் பத்தாம் வகுப்பு.
– மாணவன், அறந்தாங்கி

பதில்: தானாக ஆகாது தம்பி. ஆனால் விரல் வலி குறையும். பால்பாயின்ட்டில் இருப்பது கெட்டியான எண்ணெய் மை, உருண்டையை அழுத்தி உருட்டினால்தான் இறங்கும். மைப்பேனாவில் முள் தாளைத் தொட்டாலே போதும், தாளே மையை உறிஞ்சிக்கொள்ளும். கவிழ்த்த குடத்தில் தண்ணீர் இறங்க, காற்று உள்ளே போக வேண்டும் இல்லையா, அதேபோலப் போன மையின் இடத்துக்குக் காற்று ஏற நாக்கட்டையில் வழி விட்டிருப்பார்கள். மையும் காற்றும் இப்படிச் சீராக இடம் மாற வழிசெய்து வாட்டர்மன் காப்புரிமை வாங்கிய ஆண்டு 1884.

ஆகவே அழுத்தாதே. அழுத்தினால் முள்ளின் கால்கள் அகன்றுவிடும். அழுத்தம் போனால் கை தளரும், தளர்ந்த கையில் எழுத்து உருண்டு வரும். பரீட்சைக்குப் புதுப் பேனா வேண்டாம். மூன்று மாதம் முன்பே வாங்கிப் பழகு. ஒரே மையை நிரப்பி இரண்டு பேனாக்கள் கொண்டுபோ.

கேள்வி: மைப்பேனாவை இரவல் கேட்டால்?
– ஒன்றிய அலுவலகப் பணியாளர், அரியலூர்

பதில்: மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பேனாவை மட்டும் கொடுங்கள். ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: எந்த மை ஊற்றலாம்?
– கணக்கர், ராமநாதபுரம்

பதில்: கேமல், பிரில், குவிங்க், எதுவானாலும் மைப்பேனாவுக்கென்று விற்கும் மையாக இருக்கட்டும். அதே அலமாரியில் டிராயிங் இங்க் பாட்டிலும் நிற்கும். அதில் அரக்குப் போன்ற பசை கலந்திருக்கும், ஒருமுறை ஊற்றினால் நாக்கட்டை அடைத்துக்கொள்ளும். சாதா நோட்டில் எழுத்து ஓரம் கசிந்தால் பேனாவைக் குறை சொல்லாதீர்கள். மெல்லிய முள்ளுக்கு மாறுங்கள், அல்லது நோட்டை மாற்றுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய பேனா பெட்டியில் கிடைத்தது. இருபது வருடமாக மை காய்ந்து கிடக்கிறது. மறுபடி எழுத வைக்க முடியுமா?
– இல்லத்தரசி, நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் முடியும், அவசரப்படாவிட்டால். வெந்நீரும் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் கழுத்தும் முள்ளும் மூழ்கும்படி ராத்திரி முழுக்க நிறுத்திவையுங்கள். காலையில் தண்ணீர் நீலமாகியிருக்கும். ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் வையுங்கள். தெளிந்த தண்ணீர் தெளிந்தபடியே நிற்கும்வரை இதைச் செய்துவிட்டு, முள்ளைக் கீழ்நோக்கிப் பஞ்சுத்துணியில் நிறுத்திக் காயவையுங்கள். முதல் தடவை கழுவினால் போகிற நீல மையே ஊற்றுங்கள்.

ஒன்று மட்டும் முதலிலேயே பாருங்கள். கட்டையின் பக்கவாட்டில் சின்ன நெம்புகோல் இருந்தால், அதை இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர்ப் பை இத்தனை வருடத்தில் இறுகிப்போயிருக்கும், இழுத்த வேகத்தில் நொறுங்கும், நெம்புகோலும் வளையும். பழைய பேனா பழுது பார்க்கும் ஆளிடம் கொடுத்தால் பையை மாற்றித் தருவார். அந்தப் பை மலிவு, அதனால் பேனாவைப் பெட்டிக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.