உண்ணிச்செடிக்கு உபசாரமா?

கேள்வி: ஹைதராபாத் வெயிலில் ரோஜாவெல்லாம் கருகிவிட்டது. மாடியில் லாண்டானா வைக்கலாமா?

பதில்: தாராளமாக! ஊரில் வேலியோரம் ஓசியில் கிடக்கும் உண்ணிச்செடிதான். நர்சரியில் தொட்டியோடு காசு கேட்பார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் அழகுச்செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்த அமெரிக்க விருந்தாளி, முதுமலை, பந்திப்பூர் காடுகளையே வளைத்துப் போட்டது. கூடலூர்ப் பழங்குடியினர் அதன் தண்டுகளில் செய்த முழு உருவ யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன.

மஞ்சளாக விரியும் பூ நாளாக ஆகச் சிவக்கும். வண்ணத்துப்பூச்சிக்கு அது ‘தேன் தீர்ந்தது’ போர்டு.

முழு வெயில், அளவான தண்ணீர், பூத்து ஓய்ந்ததும் கத்தரி; போதும். காய் பிடிக்காத கலப்பினமாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பழம் தின்ற பறவைகள் ஜூபிலி ஹில்ஸ் கேபிஆர் பூங்காவிலும் உங்கள் பெயரில் கிளை திறந்துவிடும்!