சாரத்தில் அரிய கோமாளி மீன் வளர்ப்பும் அதற்குரிய உப்புக் கணக்கும்

வங்கக் கடலுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, உழவர்கரை நகராட்சிக்குட்பட்டு அமைந்துள்ள புதுச்சேரிச் சாரத்தில், வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்க முற்படும் குடும்பத்தார் முதன்முதலில் விலை கொடுத்து வாங்கும் பொருள் உப்பேயாகும். கரையோர நீரில் சகதியும் நகரக் கழிவும் கலந்திருப்பதால் அதைக் குடத்தில் முகந்துவந்து தொட்டியில் ஊற்றுவதை விவரமறிந்தோர் ஒப்புவதில்லை. ஆகவே, ஏற்கெனவே உவர்ப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரை ஆர்.ஓ. கருவியில், அதாவது நீரை மெல்லிய சவ்வின் வழியே அழுத்திச் செலுத்தி உப்புகளைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் இட்டு, மின்சாரம் செலவழித்து உப்பை நீக்கிய பின்னர், பணம் செலவழித்து மீண்டும் உப்பைச் சேர்க்கின்றனர். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்னும் கணக்கில் 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ உப்பு தேவைப்படும். அதுவும் வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் விளையும் கல்லுப்பாக இருத்தலாகாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடே ஆதலால், மக்னீசியம், கால்சியம் முதலியவற்றைக் கடலில் உள்ள விகிதத்திலேயே கொண்ட, மூட்டையாக வரும் செயற்கைக் கடலுப்பே வேண்டும். இவ்வேற்பாடு அறிவியல்படி முற்றிலும் சரியானது என்பதில் ஐயமில்லை. எனினும் அதை வீட்டுப் பாட்டிமார் எவரும் ஏற்றுக்கொண்டதற்குச் சான்று இல்லை.

உப்புநீர் அமைந்த பின்னும் உடனே மீனை விட்டுவிட இயலாது. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நச்சுத்தன்மை கொண்டது. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் தொட்டியில் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை விளக்கும் மோட்டாரும் ஓடிக்கொண்டிருக்கும் வெறுந்தொட்டியைப் பார்த்து, மீன் எங்கே என்று வினவும் விருந்தினரிடம், பாக்டீரியா வளர்ந்துகொண்டிருக்கிறது என்று விடையளிக்கும் குடும்பத் தலைவரின் மதிப்பு உறவினரிடையே சற்றே குறைவது இயல்பு.

கோமாளி மீன்களில் ஏறத்தாழ 30 இனங்கள் அறியப்பட்டுள்ளன. கடைகளில், 2003இல் வெளிவந்த திரைப்படத்தின் பயனாக ‘நீமோ’ என்றே எல்லோரும் கேட்கும் ஆரஞ்சு நிற மீனை 1830இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பாரிஸ் அறிஞர் குவியே ஆவார். 1816இல் புதுச்சேரிக்கு வந்த லெஷனோ என்னும் இயற்கையியலாளர் இக்கரையில் திரட்டிய மீன்களைப் பாரிசுக்கு அனுப்பியதும் அதே குவியேயின் காலத்தில்தான். மீன் இங்கிருந்து பிரான்சுக்கு இலவசமாகச் சென்ற அக்காலத்தை, மீன் பெட்டிக்கு விமானக் கட்டணம் செலுத்தும் இக்காலத்தார் பெருமூச்சுடனேயே நினைவுகூர்வர். குவியே 1830இலேயே விவரித்த மற்றோர் இனம் மொரிசியசைச் சுற்றியுள்ள கடலில் மட்டும் வாழ்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிக் கைவினைஞர்கள் அத்தீவுக்குச் சென்று குடியேறியவர்கள் ஆதலால், அம்மீனைத் தூரத்து உறவாகக் கருதி வரவழைக்க ஆசைப்படுவோர் இருப்பின் அவர்களைக் குறைகூற முடியாது. ஆனால் உறவு எவ்வளவு தூரமோ விலையும் அவ்வளவு உயரம்.

கடலில் இம்மீன் கடற்சாமந்தியின், அதாவது கொட்டும் நுனிகளைக் கொண்ட பூப்போன்ற விலங்கின், கைகளுக்கிடையே குடியிருக்கும். வீட்டில் கடற்சாமந்தியைக் காப்பது மீனைக் காப்பதைவிடக் கடினம். அதன் இருக்கைக்கென்று பவளத்தைத் தேடுவதோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். மீன் இவற்றுக்கெல்லாம் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. பெருந்தொகைக்கு வாங்கிய அரிய மீன், அதற்கென வாங்கிய செயற்கைப் பாறையைத் திரும்பியும் பாராமல், நீரிறைக்கும் மோட்டாரின் மூலையிலேயே ஆண்டுக்கணக்கில் உரசிக்கொண்டிருக்கும்.

தொட்டியின் விளிம்பில் வெண்ணிறமாகப் பூக்கும் உப்பைத் துடைத்து, ஒரு சொட்டு நீரை உப்புமானியின் கண்ணாடியில் வைத்து டியூப்லைட்டை நோக்கிப் பிடித்து அளவு பார்ப்பது அன்றாடக் கடமை. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். ஆதலால் குறையும் அளவுக்கு நன்னீரையே ஊற்ற வேண்டும். குடும்பத்தார் குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும்போது தொட்டியை ஒப்படைக்கப்பெறும் அண்டைவீட்டாரோ, கடல் மீனுக்கு நல்ல தண்ணீரா என்று இரக்கப்பட்டு ஒரு பிடி கல்லுப்பும் சேர்த்துவிடுவதுண்டு.

இம்மீன்களின் குடும்பத்தில், மாமியார் ஆளும் கூட்டுக்குடும்பத்தைப் போல, உருவில் மிகப் பெரிய பெண்ணே தலைமை வகிக்கும். அடுத்த பெரியது ஆண். ஏனையவை வளர்ச்சியை அடக்கிக்கொண்டு வரிசையில் காத்திருக்கும். பெண் மறைந்தால் ஆணே பெண்ணாக மாறிப் பதவியேற்கும். சோடி ஒத்துப்போய்விட்டால் கவிழ்த்துவைத்த மண்சட்டியின் பக்கத்தில் சில நூறு முட்டைகளை ஒட்டவைக்கும். ஆண் மீன் துடுப்பால் விசிறி அவற்றைக் காத்து வர, ஆரஞ்சு நிறமாக இருந்தவை மங்கி, வெள்ளிநிறக் கண்கள் துலங்க, ஏறத்தாழ ஒரு வாரத்தில், விளக்கணைந்த இரவில் பொரியும். குஞ்சுகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத ரோட்டிபர் என்னும் உயிரியே முதலுணவு என்பதால், அதற்கும் தனியே வாளியும் அதன் உணவாகிய பாசிக்குத் தனியே பாட்டில்களும் தேவைப்படுகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையத்தார் வெள்ளாற்று முகத்துவார நீரைக்கொண்டே கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளனர். அவர்களுக்கு ஆறு இருந்தது, சாரத்தாருக்குச் சமையலறையின் பின்கட்டு இருக்கிறது.

கோடுகள் கலைந்தும் கரிய நிறம் ஓங்கியும் பிறந்து அரியவை என விற்கப்படும் வகைகள் பலவும் இவ்வாறு தொட்டியில் தேர்ந்து பெருக்கப்பட்டவையே. அரியது என்று வாங்கிய சோடி மாதம் இருமுறை முட்டையிடத் தொடங்கியதும், அதன் அருமை குஞ்சுகளின் எண்ணிக்கைக்கேற்பக் குறைகிறது. முதல் ஈட்டை நண்பர்கள் விலைக்கு வாங்குவர், இரண்டாவதை அன்பளிப்பாகப் பெறுவர், மூன்றாவதன்போது கைபேசியை எடுக்கமாட்டார்கள். அப்போது பீரோவைப் படுக்கையறைக்கு நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் இரண்டாம் தொட்டி வைக்கப்படுகிறது.