எச்சத்துண்டியல்: பொலோனியா உணவுநடை குறித்து ஓர் ஆய்வுரை

இத்தாலியின் பொலோனியா நகரில் எட்டுப் பேர் ஒரு வழிகாட்டியின் பின்னால் தின்றுகொண்டும் குடித்துக்கொண்டும் மூன்று மணி நேரம் நடப்பார்கள். இதை உலகத்தார் உணவு, ஒயின் நடைச் சுற்றுலா என்கிறார்கள். இதுபற்றித் தமிழில் முறையான ஆய்வு எதுவும் நம் கண்ணில் படவில்லை. யாருக்கும் அது தேவைப்படவில்லை என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் தேவைப்படாமைக்கு நம் துறைகளில் வைத்திருக்கும் பெயர் ‘ஆய்வு இடைவெளி’. இடைவெளியைக் கண்டால் அதில் ஒரு கட்டுரையைச் செருகுவது ஆய்வாளர் கடன். இதே பொலோனியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த உம்பெர்த்தோ எக்கோ 1977இல் ஆய்வேடு எழுதுவது எப்படி என்று ஒரு நூலே எழுதினார். வாயில் பன்றி இறைச்சியை அடக்கிக்கொண்டு குறிப்பெடுப்பது பற்றி அதில் அத்தியாயம் இல்லை. அக்குறையை ஈண்டு நீக்குகிறோம்.

முதன்மைச் சான்றுகளாக நாம் கொண்டவை, வழியிலுள்ள கடைகளில் திரட்டிய காகித நாப்கின்கள். அவற்றை அ, ஆ, இ, ஈ எனப் பகுத்துள்ளோம். ஈ சுவடி ஒயினில் நனைந்து ஓர் எழுத்தும் மிஞ்சாமல் அழிந்துவிட்டது. ஆதலின் அதுவே காலத்தால் முந்தியதும் நம்பத்தக்கதும் ஆகும்.

முதற்பொருளாவன நிலமும் பொழுதும். நிலம், நெப்டியூன் நீரூற்றடி. பொழுது, காலை பத்து. கருப்பொருள், மொர்த்தடெல்லா என்னும் பன்றித் தொத்திறைச்சி, பார்மிஜானோ, பிஞ்ஞொலெத்தோ ஒயின். உரிப்பொருள், காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். ஏனெனில் எட்டாமவர் இன்னும் வரவில்லை (நாப்கின் சுவடி அ, மடிப்பு 2).

நடை: சொற்பம்.

வழிகாட்டியின் குடை பற்றி மட்டும் சிறிது சொல்ல வேண்டும். இந்நகரத் தெருவோரங்களில் தூண்களோடு கூடிய தாழ்வாரங்கள் ஏறத்தாழ 62 கிலோமீட்டர் ஓடுகின்றன. 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மழை பெய்தாலும் தலை நனையாமல் ஊரைச் சுற்றலாம். அப்படியிருக்க வழிகாட்டி கையில் குடை ஏன்? அது குடையன்று, கொடி என்பர் ஒரு சாரார். விரித்த நிலையில் அதை எவரும் பார்த்ததில்லை ஆதலின் அது குடைதானா என்பதே நிறுவப்படவில்லை என்பர் மறுசாரார். இரு சாராரும் அக்குடையின் பின்னாலேயே நடந்தனர்.

நடப்போர் பல வகையர். படம் பிடிப்பார், ஆறியதை உண்பார். முகர்வார், கோப்பையைச் சுழற்றிச் சுழற்றிச் சட்டையில் ஊற்றிக்கொள்வார். ஒப்பிடுவார், எதைத் தின்றாலும் நேப்பிள்ஸில் இதைவிட நன்றாக இருக்கும் என்பார். சைவர்க்குத் தனி இயல் வகுக்க எண்ணியிருந்தோம். பார்மிஜானோ பாலாடைக்கட்டியிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்வதால் அவ்வியல் இத்துடன் முற்றிற்று.

இனி அளவையியல். தாலியத்தெல்லே என்பது முட்டையும் மாவும் பிசைந்து, நீண்ட கட்டையால் தேய்த்து, மடித்து, நாடாவாக அரியும் பாஸ்தா. நாடாவின் அகலம் இவ்வளவுதான் என்று அறுதியிட விரும்பிய இத்தாலியச் சமையல் அகாதமியார், 1972 ஏப்ரல் 16 அன்று பொலோனியா வர்த்தக சபையில் அதை முறைப்படி பதிந்தார்கள்: வெந்தபின் 8 மில்லிமீட்டர். தங்கத்தில் ஒரு மாதிரியும் செய்து வைத்தார்கள். அதோடு நிற்கவில்லை. அந்த 8 மில்லிமீட்டர், ஊர் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்றும் எழுதிவைத்தார்கள். போலி ஆய்வு எழுத உட்கார்ந்தவர் இந்த இடத்தில் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட வேண்டும். நிஜமே இப்படி இருந்தால் நமக்கு என்ன வேலை மிச்சம்?

கும்பிட்டபின் நாம் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 12,270ஐ 8ஆல் பெருக்கினால் 98.16 மீட்டர் வருகிறது. கோபுரமோ 97.2 மீட்டர். மீதி 96 சென்டிமீட்டர் எங்கே போயிற்று?

கோபுரம் சாய்ந்திருப்பதால் குறைந்தது என்பர் சாய்வுப் பள்ளியார். கோபுரம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே சாய்ந்திருப்பது உண்மைதான். ஆனால் பித்தாகரஸைக் கேட்டால், அந்தச் சாய்வில் மூன்று சென்டிமீட்டர்கூடக் குறையாது என்று சொல்லிவிடுவார். திருத்தப் பள்ளியார், பாஸ்தாவின் அகலத்தை 7.92 மில்லிமீட்டர் என்று மாற்றினால் எல்லாம் சரியாகும் என்பர். இவர்கள் பதிப்பாசிரியர்கள். தங்கள் கொள்கைக்கு மூலம் இடைஞ்சலாக இருந்தால் மூலத்தைத் திருத்திவிட்டு, அடிக்குறிப்பில் ஏடெழுதியவன்மேல் பழி போடுவார்கள் (நாப்கின் சுவடி ஆ, பின்புறம், எண்ணெய்க் கறைக்கு வடமேற்கே, மங்கிய வரி). நமக்கு உடன்பாடு வேகல் பள்ளியார் கூற்றே. 8 மில்லிமீட்டர் என்பது வெந்த பாஸ்தாவின் அகலம். கோபுரம் இன்னும் வேகவில்லை. உப்பிட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் இட்டு எடுத்தால் அதுவும் 96 சென்டிமீட்டர் உப்பும் என்க. அதைவிட மோசமாகச் சாய்ந்திருக்கும் கரிசெந்தா கோபுரத்தை 2023 முதல் வேலி போட்டுக் காவல் காக்கும் நகராட்சி, பக்கத்திலேயே இப்பரிசோதனைக்கு அனுமதி தருமா என்பது ஐயமே.

ரகூ என்னும் இறைச்சிக் குழம்பின் செய்முறையும் 1982இல் அதே சபையில் பதிவாயிற்று. 2023இல் திருந்திய பதிப்பு வந்தது. ஒரு குழம்பு 41 ஆண்டுகளுக்குள் இரண்டாம் பதிப்பு கண்டிருக்கிறது. நம்மூர் முதுகலைப் பாடத்திட்டம் சிலவற்றுக்கு இந்த வேகம் வாய்க்கவில்லை. அந்த ரகூவைத் தாலியத்தெல்லேமேல் அன்றி ஸ்பகெட்டிமேல் ஊற்றித் தருமாறு கேட்பவரை வழிகாட்டி கடிந்துகொள்வதில்லை. குடையை மட்டும் இன்னொரு கைக்கு மாற்றிக்கொள்கிறார்.

தொர்தெல்லீனி: சாவித்துவாரம் வழியாக வீனஸ் தேவியின் தொப்புளைப் பார்த்த சத்திரக்காரன் அந்த வடிவில் மாவை மடித்தான் என்பது கதை. இவ்வகைக் கள ஆய்வுக்கு நெறிமுறைக் குழு இப்போது ஒப்புதல் தருவதில்லை.

பக்கத்து ஊரான மொதெனாவின் பாரம்பரிய பல்சாமிக் காடியைக் கரண்டியில் ஒரு சொட்டு விடுவார்கள். குறைந்தது 12 ஆண்டு மரப்பீப்பாயில் கிடந்தது, மிக மூத்த வகை என்றால் குறைந்தது 25 ஆண்டு. பீப்பாயில் இருக்கும்வரை அது ஒவ்வோராண்டும் சுண்டிக்கொண்டே வரும். நெறியாளரின் கையெழுத்துக்காகக் காத்திருந்த பழைய ஆராய்ச்சி மாணவர்கள் சிலரைப் போலவே என்று சொல்ல வந்தோம். அவர்களில் ஒருவரும் இவ்வளவு இனிப்பாக வெளியே வரவில்லை என்பதால் விட்டுவிட்டோம்.

இனி நூலுக்கு உயிரான எச்சவியல். ஒஸ்தெரியா தெல் சோலே என்ற மதுக்கடை 1465 முதல் இவ்வூரில் இருந்துவருகிறது. அங்கே குடிக்க மட்டுமே தருவார்கள். தின்பதை நாமே வாங்கிப் போக வேண்டும். ஆகவே வழிகாட்டி, வியா பெஸ்கெரியே வெக்கியே என்ற சந்தில் மொர்த்தடெல்லா அரிந்து வாங்கிவந்து மர மேசையில் பிரிக்கிறார். உடம்பு ரோஜா நிறம். அதில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புச் சதுரங்கள், இடையே பச்சைப் பிஸ்தா. சிகரெட் தாளின் மென்மையில் அரிந்த துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்க, அடியிலுள்ள காகிதம் கொழுப்புப் பட்டுக் கண்ணாடியாகிக்கொண்டே வருகிறது. 1661இல் கர்தினால் ஃபர்னேசே ஆணை பிறப்பித்துக் காத்த பொருள் இது. துண்டுகள் ஒன்பது. நடையினர் எண்மர்.

எண்மர் இருந்த மேசைக் கண்ணே
ஒன்பதாம் துண்டம் உண்பார் இலரே.

இந்நூற்பாவை யாத்தவர் நாமே. எனினும் ‘ஆசிரியர் பெயர் தெரியவில்லை’ என்று குறித்தால் கருத்தரங்குகளில் மதிப்பு கூடுமாதலின் அவ்வாறே கொள்க. இதன் பொருள்: எட்டுப் பேர் சூழ்ந்த மேசையில் ஒன்பதாவதாக எஞ்சிய துண்டை உண்பவர் எவருமில்லை என்றவாறு. ‘உண்பார்’ என்பதற்கு ‘எண்ணுவார்’ என்பது பாடபேதம். ஈற்று ஏகாரம் அசைநிலை என்பர் வயிறு நிறைந்தோர். இரக்கம் என்பர் பசித்தோர்.

ஒன்பதாம் துண்டு எஞ்சியதும் மேசையில் பேச்சு பெருகுகிறது. எல்லாரும் தாழ்வாரங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒப்பிடுவார் காகிதத்தை ஒரு விரற்கடை தன் பக்கத்தவர்முன் தள்ளுகிறார். அவர் இரண்டு விரற்கடை திருப்பித் தள்ளுகிறார். பெரியவர் ஒருவர் தமக்கு வேண்டாம் என்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. இந்த வேண்டாம் உடன்பாட்டுப் பொருளது என்று கண்டறிந்த படம் பிடிப்பார், துண்டைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைப் பெரியவர்முன் வைக்கிறார். பெரியவர் உண்டார். பாதி எஞ்சியது.

இங்கேதான் சிக்கல் தத்துவமாகிறது. எஞ்சிய பாதியை எவரும் எடுக்கார். ஆனால் அதிலும் பாதியை எடுக்கலாம், அது பெருந்தன்மை. கால் எஞ்சியது. காலில் பாதி அரைக்கால், அரைக்காலில் பாதி வீசம். ஓடும் ஆமையை அகில்லஸ் பிடிக்கவே முடியாது என்று வாதிட்ட ஜீனோ பிறந்த எலேயா, தென் இத்தாலியின் கடற்கரையில்தான் இருந்தது. அவர் ஆமையை வைத்துக்கொண்டு நிறுவியதைப் பொலோனியாவில் எட்டுப் பேர் ஒரு பிளாஸ்டிக் கத்தியால் நிறுவிக்கொண்டிருந்தார்கள்: நாகரிகமுள்ளோர் நடுவே மொர்த்தடெல்லா ஒருநாளும் முடியாது. வீசத்தையும் பாதியாக்கக் கத்தி இறங்கியபோது அடியில் ஒரு பிஸ்தாப் பருப்பு தட்டுப்பட்டது. கத்தி வளைந்தது, பருப்பு வளையவில்லை. பொருளைப் பிளந்துகொண்டே போனால் பிளக்க முடியாத ஒன்றில் போய் நிற்கும் என்ற தெமோக்ரிதஸின் கட்சி ஜெயித்தது, ஜீனோ தோற்றார் (நாப்கின் சுவடி இ, முன்பக்கம், கோப்பைத் தடத்தின் உள்வட்டம், கடிகாரத்தில் ஏழு மணி நிற்கும் திசை, பென்சில் குறிப்பு, கையெழுத்தின் சாய்வு மூன்றாம் கோப்பைக்குப் பிற்பட்டது, ‘தோற்றார்’ என்பதில் இரண்டாம் எழுத்தின்மேல் ஓர் ஆலிவ் விதை).

அந்நேரம் வழிகாட்டி மேசைக்கு வந்தார். காகிதத்தைச் சுருட்டப் போனவர் பிஸ்தாவைக் கண்டு வாயில் போட்டுக்கொண்டார். காலையிலிருந்து நின்றபடியே பேசிக்கொண்டிருந்த அவர் அன்று தின்றதாக நாம் கண்டது அதுவே. கடைக்காரர் துண்டுகளை ஒன்பதாக அரிந்தது, வழிகாட்டியையும் சேர்த்து ஒன்பது தலை எண்ணித்தான் என்று இதனால் ஊகிக்க இடமுண்டு. எந்தப் பள்ளியாரும் அவரைக் கணக்கில் எடுத்ததில்லை.

இவ்விளக்கம் மிக எளிதாக இருப்பதால் தள்ளப்பட்டது.