செத்தும் வாங்கிய சீதக்காதிகள்

நம் சீதக்காதி செத்தும் கொடுத்தார். அமெரிக்காவில் செத்தும் வாங்கியிருக்கிறார்கள். 1999 முதல் 2005 வரை, இறந்துபோன 1,72,801 பேரின் பெயரில் 110 கோடி டாலர் விவசாய மானியம் போயிருக்கிறது. எதிர்க்கட்சிக்காரன் கட்டிவிட்ட கதையல்ல. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே 2007-ல் எழுதிக் கொடுத்த கணக்கு. அந்தப் பணத்தில் பத்தில் நாலு பங்கு, கண்ணை மூடி மூன்று வருஷமோ அதற்கு மேலோ ஆனவர்கள் பெயரில். மேலோகத்திலும் நல்ல மழை போலிருக்கிறது.

உயிரோடு வாங்கியவர்களைப் பார்க்க மிசிசிப்பி மாநிலத்து சன்ஃபிளவர் கவுண்டிக்குப் போகவேண்டும். பெயர்தான் சூரியகாந்தி, விளைந்ததெல்லாம் பருத்தி. அங்கே டாட்ஸ்வில் பக்கம் 5,000 ஏக்கருக்கு மேல் பண்ணை வைத்திருந்தவர் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். கறுப்பர் உரிமை என்று யார் பேசினாலும் எழுந்து நின்று எதிர்த்தவர். 1967-ல் மட்டும் அவர் பண்ணைக்கு லட்சம் டாலருக்கு மேல் மானியம். பருத்தி போட்டதற்குக் கொஞ்சம். போடாமல் நிலத்தைச் சும்மா வைத்திருந்ததற்கும் கொஞ்சம். மானியச் சட்டங்களை வகுக்கும் விவசாயக் குழுவிலும் ஐயா இருந்தார். பரிமாறுகிறவன் நம்மவனானால் கடைப்பந்தியிலும் குறையில்லை என்பார்கள். இங்கே பரிமாறுகிறவரே இலைபோட்டு உட்கார்ந்திருந்தார்.

அதே கவுண்டியின் ரூல்வில் ஊர்க்காரர் ஃபேனி லூ ஹேமர். ஆறு வயதில் பருத்தி எடுக்க இறங்கியவர். 1962-ல் வாக்காளராகப் பதிவு செய்யப் போன குற்றத்துக்காக, 18 வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து அன்றே விரட்டப்பட்டார். அவருக்கு எந்தச் செக்கும் வரவில்லை. நிலம் தரிசாகக் கிடந்தால் நிலக்காரருக்குக் காசு. களைக்கொட்டு பிடித்த கை சும்மா கிடந்தால் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம். அரசாங்கம் இந்தக் கூலிக்காரர்களுக்கு உணவுக் கூப்பன் நீட்டியது உண்மைதான். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்கவேண்டும்! வேலை போய் வெறுங்கையோடு நிற்கிறவனிடம், பசியாற முன்பணம் கட்டு என்றார்கள். 1967 ஏப்ரலில் அந்த வட்டாரத்துக்கு வந்த செனட்டர் ராபர்ட் கென்னடி, வயிறு உப்பிய குழந்தைகளைக் கண்டு ஆடிப்போனார். கென்னடி போனார், பண்ணைகளுக்கு மானியம் தொடர்ந்தது.

ஊர் வாய்க்குப் பயந்து 1970-ல் உச்சவரம்பு கொண்டுவந்தார்கள்: ஒரு பயிருக்கு ஒருவருக்கு 55,000 டாலர். அவ்வளவுதான், பண்ணைகள் காகிதத்தில் பிரசவிக்கத் தொடங்கின. மனைவி பேரில் ஒன்று, மகன் பேரில் ஒன்று, அறக்கட்டளை ஒன்று, கம்பெனி நாலு. இந்த வித்தைக்கே ‘மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்’ என்று பெயர் விழுந்தது. கிளைக்கொரு கம்பெனி, கம்பெனிக்கொரு செக்.

இந்த ஓட்டையை அடைத்தார்களா? 2018 விவசாயச் சட்டம், மானியம் வாங்கத் தகுதியுள்ள குடும்பம் என்ற வட்டத்தை அண்ணன் தம்பி பிள்ளைகள், அத்தை மாமன் மக்கள் வரை அகட்டிவிட்டது. வயலில் கால் வைக்கவேண்டாம். நிர்வாகம் பார்க்கிறேன் என்று காட்டினால் போதும். 2025 ஜூலையில் வந்த சட்டம் ஆளுக்கு 1,25,000 டாலர் என்றிருந்த வரம்பை 1,55,000 ஆக்கியது.

அதே சட்டம் ஏழைகளின் உணவு உதவியிலும் கைவைத்தது. வளர்க்கப் பிள்ளையில்லாத, உடம்பில் தெம்புள்ள ஏழைக்கு 64 வயதானாலும், மாதம் 80 மணி நேரம் வேலை பார்த்ததாகக் காட்டவேண்டும். இல்லையென்றால் மூன்று மாதத்தோடு சரி. நிலக்காரரின் அத்தை மகன் வயலில் ஒரு மணி நேரமாவது நின்றிருக்கவேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது.