வராத டெப்புக்கு ஒரு நன்றிக் கடிதம்

கல்வி அமைச்சு,
இசுருபாய, பத்தரமுல்ல.

பொருள்: இலவச டெப் கணினி கிடைக்காமை தொடர்பாக நன்றி தெரிவித்தல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்துக்குக் கீழே வயல் செய்யும் தகப்பன் எழுதிக்கொள்வது. 2016 நவம்பர் 10 அன்று, அப்போதைய நிதியமைச்சர் ரவி கருணாநாயக்க வரவுசெலவுத் திட்டத்தை வாசித்தபோது, உயர்தர மாணவர் 175,000 பேருக்கும் ஆசிரியர் 28,000 பேருக்கும் இலவச டெப் என்றார். அதற்கென 5,000 மில்லியன் ரூபாவும் ஒதுக்கினார். அந்த 175,000 பேரில் என் மூத்த மகளும் ஒருத்தி என்று நாங்கள் கணக்குப் போட்டோம். 2018 இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன குறுக்கே நின்றார். டெப் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வராத டெப்பைப் போல நல்ல டெப் உலகத்தில் இல்லை. அது கைதவறி விழுந்து உடையவில்லை. மாரி மழைக்கு நனையவில்லை. படிக்கிறேன் என்று சொல்லிப் படம் பார்க்கிறாள் என்று தாய் ஒருநாளும் மகளை ஏசவில்லை. பழுது பார்க்கக் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறும் அலைச்சலும் எனக்கில்லை. மகளுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளையும் இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் பொறுத்தால் அந்தப் பிள்ளையும் உயர்தரத்துக்கு வந்துவிடும்.

பெரு நாட்டார் அவசரக்காரர். அறிவித்ததோடு நிற்காமல் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மடிகணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெய்யாகவே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் கணிதத்திலோ மொழியிலோ முன்னேறியதற்குச் சான்று இல்லை என்று 2012 இல் அமெரிக்க நாடுகளின் அபிவிருத்தி வங்கி வெளியிட்ட ஆய்வு சொன்னது. அவ்வளவு காசைக் கொட்டி அவர்கள் கண்ட பலனை, ஒரு பெட்டிகூட இறக்காமல் நீங்கள் எங்களுக்குப் பெற்றுத்தந்தீர்கள்.

கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று நீங்கள் கவலைப்பட்டிருந்தால், அது வேண்டாத கவலை. 1990களில் வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை இருந்தபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். 2022 மார்ச்சில் நாடு முழுவதும் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தபோது கொழும்பார் பட்ட பாட்டைப் பார்த்து, வகுப்பெடுக்கலாமோ என்றுகூட யோசித்தோம். அதே மாதம் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை ஒத்திப்போடப்பட்டது. அறிவிப்புகளுக்கு மட்டும் தாள் தட்டுப்பாடு வரவில்லை.

கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டியபோது, ரீச்சர் பாடங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினா. வீட்டில் ஒரு போன், பிள்ளைகள் மூன்று. குளக்கட்டில் ஏறினால்தான் நெற்வேர்க். பின்னேரமானால் அதே கட்டுக்கு யானையும் வரும். சின்னவன் பின்னக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தான். மீதிப் பாதியை விடியப் பார்ப்போம் என்றிருந்தோம். டேற்றா முடிந்துபோனது.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணினி அறையும் இருக்கிறது. தூசு படக்கூடாதென்று கணினிகளுக்குத் துணி போர்த்தி, கணினி களவு போகக்கூடாதென்று அறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். படிப்பித்தவ இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டா. திறப்பு பத்திரமாக இருக்கிறது.

மூத்தவள் உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தாள். அவளுக்குப் பிடித்தது கணக்கு. ஆனால் எட்டிப்போகக்கூடிய பள்ளிக்கூடத்தில் கணிதப் பிரிவும் இல்லை, விஞ்ஞானப் பிரிவும் இல்லை. அவை இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக, விடிய முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அந்தப் பஸ்ஸும் எல்லா நாளும் வராது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தைக் கட்டி எங்களுக்குப் பெருமை சேர்த்திருக்கிறீர்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் அதைப் பார்க்கிறார்கள். உள்ளே போகக் கணிதப் பிரிவில் படித்திருக்க வேண்டுமாம். டெப் அவள் கைக்கு வந்திருந்தாலும், படிப்பிக்க ஆளில்லாத பாடத்தை அவள் விண்ணப்பப் படிவத்தில் எழுதியிருக்க முடியாது.

ஆகவே தாழ்மையான விண்ணப்பம். அடுத்த அறிவிப்பில் டெப்போடு நிற்கவேண்டாம். பிள்ளைக்கொரு லப்டொப், வகுப்புக்கொரு ஸ்மார்ட் பலகை என்று தாராளமாக அறிவியுங்கள். நாங்கள் கைதட்டுவோம். கணித ரீச்சர் ஒருவரை மட்டும் தயவுசெய்து அறிவிக்க வேண்டாம். பேசாமல் பஸ் ஏற்றி அனுப்பிவிடுங்கள். தங்க வீடு நாங்கள் பார்த்துக் கொடுக்கிறோம், சோற்றுக்கு எங்கள் வயல் அரிசி இருக்கிறது. இரண்டு வருசமாவது நின்று படிப்பித்தால் போதும். அதற்குப் பிறகு டெப்பும் வந்தால் வேண்டாமென்று சொல்லமாட்டோம். அதில் என்ன கணக்குப் போடுவதென்று அப்போது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
175,000 பேரில் ஒருத்தியின் தகப்பன்